வரவு உண்டு, செலவு இல்லை

ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் தண்ணீரோடு நுரையும் வரும். பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போல, சில நேரம் ஆள் உயரத்துக்கு, தென்பெண்ணையின் மேல் மிதந்து போகும். காற்றடித்தால் பிய்ந்து பறந்து வயல்களில் உட்காரும். தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை நிறுத்தியதும் உண்டு. அந்த நுரையில் பெரும்பங்குக்குப் பிறந்த ஊர் பெங்களூரு. அங்குள்ள பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்கு வழியும். வர்த்தூர் வழிந்தால் தென்பெண்ணைக்கு. மேலே துவைத்த துணியின் அழுக்கைக் கீழே இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

பெல்லந்தூர் பெங்களூரிலேயே பெரிய ஏரி. ஏறக்குறைய 900 ஏக்கர். 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்ததால் உலகச் செய்தியானது. 2018 ஜனவரியில் ராணுவ வீரர்களும் இறங்கித்தான் தீயை அணைக்க வேண்டியிருந்தது. எரிந்தது தண்ணீர் இல்லை. அதன் மேல் காய்ந்து கிடந்த ஆகாயத்தாமரையும் புல்லும் குப்பையும். அடிச்சேற்றிலிருந்து குமிழியிடும் மீத்தேனும் கைகொடுத்திருக்கலாம்.

நுரைக்கான காரணம் எளிது. சோப்பு மூலக்கூற்றுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும். மறுமுனை தண்ணீரை விட்டு ஓடும். கலங்கலில் நீர் விழுந்து காற்றோடு அடிபடும்போது அந்த மூலக்கூறுகள் ஒவ்வொரு குமிழியையும் தோலாகப் போர்த்திக்கொள்கின்றன. கோடையெல்லாம் சேற்றில் ஒட்டிக் கிடந்த சோப்பை முதல் பெருமழை கலக்கி எழுப்புவதால்தான் மழைக்காலத்தில் நுரை அதிகம்.

நுரையும் தீயும் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றுக்குக் கூட்டம் போடுகிறோம். ஆனால் ஏரியைக் கொல்வது பெரும்பாலும் நிறமற்ற, மணமற்ற ஒரு பொருள். உழவர்களுக்கு அது நல்ல பெயரில் அறிமுகமானது: மணிச்சத்து. வேதியியல் பாடத்தில் பாஸ்பரஸ்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று உர மூட்டையில் மூன்று எண்கள் போட்டிருப்பார்கள். வயலில் பயிர் வளர்க்கும் அதே சத்து ஏரியில் பாசியை வளர்க்கிறது. பாசியின் உடலில் சராசரியாக 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். இருப்பதிலேயே குறைவாகத் தேவைப்படுவது பாஸ்பரஸ்; ஆனால் பிடி அதனிடம்தான். கார்பன் காற்றிலிருந்து கரைந்து வந்துவிடும். நைட்ரஜன் பற்றாவிட்டால் நீலப்பச்சைப்பாசிகளில் பல வகைகள் காற்றிலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்குக் காற்றில் இருப்பு கிடையாது. பாறை கரைந்து வர வேண்டும். அல்லது யாராவது கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

நாம் கொட்டுகிறோம். தெளிந்த ஏரி நீரில் ஒரு லிட்டருக்குப் பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்கும் கீழேதான் இருக்கும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அது 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஏரி பச்சைச் சாயத் தொட்டி. ஒரு மனிதர் ஒரு நாளில் வெளியேற்றும் பாஸ்பரஸ் சுமார் ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை. அதில் பெரும்பகுதி சிறுநீரில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஆளின் ஒரு நாள் கழிவு, ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் 10,000 லிட்டரைப் பச்சையாக்கப் போதும். அந்த ஒரு கிராம், ஈர எடையில் சுமார் 500 கிராம் பாசியை வளர்க்கும் என்பார்கள்.

சுத்திகரித்துத்தானே விடுகிறோம் என்று கேட்கலாம். வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் கழிவுநீரின் நாற்றத்தையும், ஆக்சிஜனைத் தின்னும் அழுக்கையும் நன்றாகவே எடுத்துவிடும். பாஸ்பரஸில் ஒரு சிறு பங்கைத்தான் எடுக்கும். மீதியைப் பிடிக்கப் படிகாரமோ இரும்பு உப்போ சேர்க்க வேண்டும், அல்லது அதற்கென்றே வளர்த்த பாக்டீரியாக்களைக் கொண்டு தனிக் கட்டமைப்பு வேண்டும். செலவுக்குப் பயந்து இதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி போல வெளியேறும் நீர் ஏரிக்கு உரமாகப் போய்ச் சேர்கிறது.

குற்றவாளி பாஸ்பரஸ்தான் என்று நிரூபிக்க ஓர் ஏரியையே பலி கொடுத்தார்கள். 1960களில் வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளில், குறிப்பாக ஈரியில், பாசி மண்டி மீன் செத்து மிதந்தபோது, சலவைத்தூளில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டின் மேல் சந்தேகம் விழுந்தது. சோப்புக் கம்பெனிகள் ஒப்பவில்லை. பாசியின் அளவைத் தீர்மானிப்பது கார்பன் என்றன. ஆய்வகக் குடுவைகளில் அதற்கு ஆதாரம் காட்டவும் முடிந்தது. ஏனென்றால் குடுவை சிறியது; வானத்தோடு காற்று மாற்றிக்கொள்ள அதற்கு இடமும் நேரமும் போதாது. ஏரியைப் பற்றி ஏரியிடம்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்த கனடா, 1968இல் ஒன்டாரியோ மாநிலக் காட்டுக்குள் ஆளில்லாத சிறு ஏரிகளை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. டேவிட் ஷிண்ட்லர் என்ற இளம் அறிவியலாளர் பொறுப்பேற்றார்.

226 என்று எண்ணிட்ட ஏரி, நடுவில் இடுப்பு ஒடுங்கி 8 போல இருக்கும். 1973இல் அந்த இடுப்பில் குறுக்கே பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாக்கினார்கள். இரு பாதிக்கும் சர்க்கரையாகக் கார்பனும், நைட்ரேட்டாக நைட்ரஜனும் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாகப் பாஸ்பேட். சில வாரங்களில் அந்தப் பாதி பச்சை பிடித்தது. மற்றது கறுத்துத் தெளிந்தபடி கிடந்தது. விமானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு: நடுவே கோடு கிழித்தது போல ஒரு பக்கம் கரும்பளிங்கு, மறுபக்கம் பாசிக் கஞ்சி. 1974இல் கட்டுரை வந்தது. கட்டுரையைப் படித்தவர்களை விடப் படத்தைப் பார்த்தவர்கள் அதிகம். சட்டமன்றங்களில் வேலை செய்தது படம்தான். கனடாவில் முன்பே தொடங்கியிருந்த பாஸ்பேட் கட்டுப்பாடு நிலைத்தது. அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. நைட்ரஜனையும் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டுமா என்ற சண்டை அறிவியலாளர்களிடையே இன்றும் ஓயவில்லை. பாஸ்பரஸை விட்டுவிடலாம் என்று மட்டும் இரு தரப்பும் சொல்லவில்லை.

அப்படியானால் வரத்தை நிறுத்தினால் ஏரி தேறுமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரையொட்டிய வாஷிங்டன் ஏரி தேறியது. அதைச் சுற்றியிருந்த சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் தங்கள் நீரை ஏரியில்தான் விட்டுவந்தன. 1955இல் அங்கே ஒரு வகைச் செந்நிற நீலப்பச்சைப்பாசி தென்பட்டது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரியைக் கெடுத்த அதே வகை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் அதைக் கண்டதும் வரப்போவதைச் சொல்லிவிட்டார். 1958 மார்ச்சில் கழிவுநீர்த் திட்டத்துக்கு மக்களிடம் வாக்குக் கேட்டபோது தோற்றது. செப்டம்பரில் திருத்திக் கேட்டபோது வென்றது. பணம் கொடுக்கப் போகிறவர்கள் தாங்களே கையெழுத்திட்ட திட்டம் அது. 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரை ஏரிக்கு வராமல் திருப்பினார்கள்.

ஏரி நீரின் தெளிவை அளக்க ஒரு பழைய கருவி இருக்கிறது. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளர், 1865இல் மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். அவ்வளவுதான் கருவி. வாஷிங்டன் ஏரியில் அந்தத் தட்டு மோசமான ஆண்டுகளில் ஒரு மீட்டருக்குள் மறைந்தது. கழிவுநீர் நின்றபின் மூன்று மீட்டர் ஆனது. 1976இல் எதிர்பாராமல் இன்னும் தெளிந்தது. பின்னர் ஆறேழு மீட்டர் வரை போனது. டாஃப்னியா என்ற கடுகளவு நீர்வாழ் உயிர் பெருகிப் பாசியை மேய்ந்து தள்ளியதுதான் காரணம். இழை இழையாகப் பாசி இருந்தவரை டாஃப்னியாவின் வாய் அடைபட்டுக் கிடந்தது. நானும் எங்கள் பகுதி ஏரியில் சாப்பாட்டு டப்பா மூடி ஒன்றுக்கு வெள்ளை அடித்து இறக்கிப் பார்த்தேன். ஒரு சாணில் காணாமல் போயிற்று.

வாஷிங்டன் கதையை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அந்த ஏரியின் அதிக ஆழம் 65 மீட்டர். மலையிலிருந்து சுத்தமான ஆறுகள் வந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் முழு நீரையும் மாற்றிவிடும். செத்த பாசி அடியில் போய்ப் படிந்தால் படிந்ததுதான். ஆழம் குறைந்த ஏரி அப்படி இல்லை. அது பழைய கடனை வைத்திருக்கும்.

அந்தக் கடன் சேற்றில் இருக்கிறது. சேற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன் உள்ளவரை அங்குள்ள இரும்பு, துருவின் வடிவில், பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு வேறு வடிவத்துக்கு மாறித் தண்ணீரில் கரையும். பிடித்திருந்த பாஸ்பேட்டையும் கைவிடும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கிளிஃபோர்ட் மார்டிமர் 1940களின் தொடக்கத்தில் இதை விளக்கினார். பாசி செத்து அழுகினால் ஆக்சிஜன் தீரும்; தீர்ந்தால் சேறு பாஸ்பேட்டை விடும்; விட்டால் பாசி வளரும். கழிவுநீர்க் குழாயை மூடிய பிறகும் இந்தச் சுற்று தானே ஓடும். 35 ஏரிகளின் நீண்டகாலப் பதிவுகளை 2005இல் சேர்த்துப் பார்த்தபோது, வரத்தைக் குறைத்த பின் பாஸ்பரஸ் புது நிலைக்கு வந்து சேரப் பெரும்பாலான ஏரிகளுக்குப் 10 முதல் 15 ஆண்டுகள் பிடித்தது தெரிந்தது. நம் ஊரில் ஐந்தாண்டில் ஒரு தேர்தல்.

கூடவே இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஆழமற்ற ஏரி இரண்டே நிலைகளில் நிற்க விரும்பும். ஒன்று, அடியில் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகள் மண்டி, சேற்றை வேரால் பிடித்து, நீர் தெளிந்த நிலை. மற்றது, மிதக்கும் பாசியால் கலங்கி, வெளிச்சம் அடிக்கு எட்டாமல் செடிகள் செத்து, காற்றும் சேற்றைக் கிளறும் மீன்களும் மேலும் கலக்கும் நிலை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரு பெரிய தள்ளு வேண்டும். பின்லாந்தின் வெசியார்வி ஏரியில் 1989க்கும் 1993க்கும் இடையே ஆயிரம் டன்னுக்கு மேல் சிறு மீன்களை வலைபோட்டு அள்ளினார்கள். ஏரி தெளிந்தது. நம் குளங்களில் நாம் விடுவது சேற்றில் மூக்கை நுழைத்துக் கிளறும் சாதாக் கெண்டையை.

ஸ்வீடனில் ட்ரும்மன் என்ற சிறு ஏரி. கழிவுநீரை நிறுத்திப் பத்தாண்டுக்கு மேலாகியும் தேறவில்லை. 1970, 71இல் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்வென் பியோர்க் தலைமையில் அடிச்சேற்றை ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்கு உறிஞ்சி எடுத்தார்கள். சேற்றைக் குட்டைகளில் நிறுத்தி, வடிந்த நீரிலிருந்த பாஸ்பரஸை அலுமினிய உப்பால் பிடித்த பிறகே ஏரிக்குத் திருப்பி விட்டார்கள். காய்ந்த சேற்றைத் தோட்ட மண்ணாக விற்றார்கள். ஏரி பிழைத்தது. உலகின் ஏரி மீட்புப் பாடநூல்களில் இது முன்னோடி முயற்சியாக இடம்பெறுகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டலும் கரம்பையும் அள்ளி வயலில் அடிப்பதற்கு இன்னொரு பெயர்தானே இது!

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் இருப்பதாகக் கணக்கு. இவற்றைப் பாஸ்பரஸ் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரிகின்றன. வரத்துக் கால்வாய் வழியாக மண்ணும் சாணமும் சருகும் வரும்: அது வரவு. மதகைத் திறந்ததும் நீரோடு நுண்சேறும் ஆயக்கட்டு வயல்களுக்குப் போகும்: செலவு. பழைய குமிழித் தூம்புகளில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை என்று சேறு வெளியேறத் தனி வழியே வைத்திருந்தார்கள். பங்குனி, சித்திரையில் வற்றும்போது மீன்பாசிக் குத்தகைதாரர் வலைபோட்டுப் பிடிக்கும் மீன்: செலவு. வண்டி வண்டியாக வண்டல்: பெரிய செலவு. ஏரி காய்ந்தால் சேற்றுக்குள் காற்று புகுந்து இரும்பு மறுபடி துருப்பிடித்துப் பாஸ்பேட்டைக் கட்டிக்கொள்ளும். முதல் நீர் வந்ததும் கொஞ்சம் கசிந்தாலும், ஆண்டு முடிவில் கணக்கு நேராகிவிடும்.

முன்னோர்கள் பாஸ்பரஸ் வேதியியல் அறிந்திருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு வண்டல் வேண்டும், நீர் வேண்டும். ஏரி சுத்தமானது உபரி லாபம். ஊராரே ஏரியைப் பராமரித்த குடிமராமத்தைப் பற்றி ஊர் கூடித் தேர் இழுத்தது போல எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: மதகுக்குள் முங்கி அடைப்பெடுத்தவரும் சேற்றில் இறங்கியவரும் பெரும்பாலும் ஊரின் கடைசித் தெருக்காரர்கள். அதையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

நகரம் ஏரியைத் தேடி வந்தபோது முதலில் போனது ஆயக்கட்டு. வயல் மனையானது. மனையான பிறகு மதகை யார் திறப்பார்கள்? திறந்தால் வீட்டுக்குள் தண்ணீர். வண்டல் கேட்க ஆளில்லை. வண்டி போக வழியில்லை. வரத்துக் கால்வாய் மட்டும் சாக்கடையாகப் பெயர் மாறி வற்றாமல் ஓடுகிறது. வருடம் முழுவதும் வரவு, செலவே இல்லை. முன்பு கோடையில் காய்ந்த ஏரி இப்போது மே மாதமும் நிரம்பித் தளும்புகிறது. அதைப் பார்த்து ‘நீர்வளம்’ என்று மகிழ்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில் நடக்கும் ‘புனரமைப்பு’ பணிகளைப் பார்த்திருக்கிறேன். பொக்லைன் இறங்கி ஏரியைச் சட்டி போலக் குடையும். கோரையும் நாணலும் நின்ற ஆழமற்ற விளிம்பு போய்ச் சரிவான கல் பதித்த கரை வரும். உள்ளே வரும் சத்தை முதலில் தடுத்து நிறுத்துவது அந்த விளிம்புதான். தாழைக்கோழி கூடு வைப்பதும் அங்கேதான். பிறகு நடைபாதை, இருக்கை, செயற்கை நீரூற்று. ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே குவித்துப் படம் எடுப்பார்கள். அந்தச் செடி தண்ணீரிலிருந்து ஏராளமான சத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. அப்புறப்படுத்தினால் அது செலவுக் கணக்கில் சேரும். கரையில் அழுகவிட்டால் அடுத்த மழையில் எல்லாம் திரும்ப ஏரிக்கே. காற்றைச் செலுத்தும் ஊற்றுகளால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். சேற்றின் மேல் ஆக்சிஜன் இருந்தால் இரும்பின் பிடி விடாது. ஆனால் குழாயைத் திறந்துவைத்துத் தரையைத் துடைப்பது போன்ற வேலை அது.

நகரத்துக்குள்ளும் செலவு வழி வைக்க முடியும் என்பதற்குப் பெரிய சாட்சி கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலம். 12,500 ஹெக்டேர். மாநகரின் கழிவுநீர் ஆழமில்லாத பெரிய மீன் பண்ணைகளில் வெயிலில் நிற்கும். சத்தில் பாசி வளரும், பாசியை மீன் தின்னும், மீனை ஊர் தின்னும். மீதி நீர் நெல்லுக்கும் காய்கறிக்கும். பொறியாளரான துருவஜோதி கோஷ் 1980களில் இதை ஆராய்ந்து, மீனவர்களும் விவசாயிகளும் படிப்படியாக உருவாக்கிக்கொண்ட இந்த முறை ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையைச் செய்வதை உலகுக்குச் சொன்னார். 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்றது. தொழிற்சாலைக் கழிவு கலந்தால் இந்தக் கணக்கு கெடும். மனை விலை ஏறினாலும் கெடும். இரண்டும் அங்கே வாசலில் நிற்கின்றன. பெங்களூரிலேயே ஜக்கூர் ஏரியில், சுத்திகரித்த நீரை முதலில் சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பு வழியாக நடத்திப் பிறகே ஏரிக்குள் விடுகிறார்கள். அந்தச் செடியை அறுத்து வெளியே எடுத்துப்போகும் வரைக்கும்தான் அதுவும் செலவு.

நகர ஏரியின் வண்டலை இன்று அப்படியே வயலுக்கு அனுப்பவும் முடியாது. முலாம் பூசும் பட்டறையும் பேட்டரி உடைக்கும் கொட்டகையும் வரத்தில் இருந்தால் சேற்றில் குரோமியமும் ஈயமும் இருக்கும். லாரி லாரியாக மண் எடுப்பதற்கு முன் பல இடங்களில், பல ஆழங்களில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். நல்லது வயலுக்கு, கெட்டது பாதுகாப்பான குழிக்கு என்று பிரிக்க வேண்டும். தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஒப்பந்தப் புள்ளியில் கன மீட்டருக்கு விலை இருக்கும். சோதனைக்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

வெள்ளை மூடியை இறக்கிப் பார்த்த அன்று ஏரியை ஒரு சுற்று நடந்தேன். புதுக் கல் பதித்த கரை, இரண்டு பக்கமும் விளக்கு. பழைய மதகைத் தேடினேன், காவலருக்குத் தெரியவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் கைகாட்டினார். “அதோ, அந்தச் செவுருதான் தம்பி.” மதகின் வாயைச் செங்கல் வைத்து அடைத்து, சிமென்ட் பூசி, அதன் மேல் நீலத்தில் ஒரு மீன்கொத்தி வரைந்திருக்கிறார்கள். படம் நன்றாகவே இருக்கிறது.